வேளாண் தகவல்: இருப்பது வேறு, பயன்படுவது வேறு

வேளாண்மை பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இரண்டு பேச்சுகளைத் தவறாமல் கேட்கலாம். உழவர்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்பது ஒன்று. எல்லாத் தகவலும் கைபேசிக்கே வந்துவிட்டது, இனி அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது மற்றொன்று. முதலாவது பழியை உழவர் மேல் போடுகிறது. இரண்டாவது பொறுப்பை அவர் தலையில் கட்டுகிறது. தகவல் எங்கோ ஓரிடத்தில் ஆயத்தமாக இருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் விளைச்சல் பெருகிவிடும் என்ற ஒரே எண்ணம்தான் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. அந்த எண்ணம் எங்கே பிழைபடுகிறது, ஒரு செய்தி உண்மையில் எந்த வழியாக வயலை அடைகிறது என்பதை இத்துறைக்குப் புதியவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

பேருந்து நிறுத்தத்தில் ஒருவர்

கிராமத்துச் சாலையோரம் ஒருவர் பேருந்துக்காக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டத்துப் பேருந்துகள் அனைத்தின் கால அட்டவணையும் பணிமனைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. இணையத்திலும் அது கிடைக்கிறது. ஆயினும் அவருக்குத் தேவை அதிலுள்ள ஒரே ஒரு வரிதான்: தம் ஊர் வழியாகப் போகும் அடுத்த வண்டி எப்போது வரும், அது இந்த நிறுத்தத்தில் நிற்குமா? அட்டவணையைவிட எதிரே இருக்கும் டீக்கடைக்காரரின் சொல்லை அவர் அதிகம் நம்புவார், ஏனென்றால் கடைக்காரர் அந்த வண்டியை நாள்தோறும் பார்ப்பவர். வண்டி சரியாக வந்தாலும் பையில் கட்டணத்துக்குக் காசு இல்லையென்றால், தெரிந்துகொண்டதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

உழவர் கேட்கும் கேள்விகளும் இப்படிப்பட்டவைதாம். நெல் சாகுபடி பற்றிய நூறு பக்கக் கையேடு அவர் கேட்பதில்லை. இந்த வயலில், இந்த வாரம், இந்தப் பயிருக்கு என்ன செய்வது என்று கேட்கிறார். விடை அவருடைய இடத்துக்குப் பொருந்த வேண்டும், வேலை நடக்க வேண்டிய நாளுக்கு முன்பே வந்து சேர வேண்டும், நம்பத்தக்க ஒருவரின் வாயிலிருந்து வர வேண்டும், அதன்படி நடக்க அவரிடம் வசதியும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை வீணாகிவிடுகின்றன.

விரிவாக்கம் என்ற ஏற்பாடு

ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறியப்பட்டதை உழவரிடம் கொண்டு சேர்ப்பதும், உழவரின் சிக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்வதுமான பணிக்கு வேளாண் விரிவாக்கம் என்று பெயர். தமிழ்நாட்டில் வட்டாரந்தோறும் உள்ள வேளாண்மை விரிவாக்க மையமும் அதன் அலுவலர்களும் இந்தப் பணிக்கென்றே இருப்பவர்கள். இவர்களுக்குத் துணையாக வேளாண் அறிவியல் நிலையங்கள் உள்ளன. நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது, இன்று எழுநூறுக்கும் மேற்பட்டவை நாடெங்கும் இயங்குகின்றன. கட்டணமில்லாத் தொலைபேசியில் உழவர்களின் கேள்விக்கு விடை சொல்லும் கிசான் கால் சென்டர் 2004 ஜனவரியில் வந்தது. தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018இல் வந்தது.

ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை என்பது இதிலிருந்தே தெரியும். ஆனால் 2003ஆம் ஆண்டு தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அமைப்பு தன் 59ஆவது சுற்றில் நாடு முழுவதும் விசாரித்தபோது, ஏதேனும் ஒரு வழியில் தொழில்நுட்பத் தகவல் பெற்றதாகச் சொன்ன உழவர் குடும்பங்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு மட்டுமே. பக்கத்து முன்னோடி உழவரிடம் கேட்டறிந்தவர்கள் சுமார் 17 விழுக்காடு, உரம், மருந்து விற்கும் கடையில் கேட்டவர்கள் 13, வானொலியில் கேட்டவர்கள் 13. விரிவாக்கப் பணியாளரிடமிருந்து பெற்றவர்கள் 6 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. கணக்கு பழையது, கைபேசி பரவுவதற்கு முந்தையது. ஆனால் உழவர் முதலில் யாரிடம் போகிறார் என்ற வரிசை, எனக்குத் தெரிந்தவரை, இன்றும் பெரிதாகத் தலைகீழாகிவிடவில்லை.

வானொலி வளர்த்த நெல்

தகவல் வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்ததற்குத் தஞ்சை மண்ணிலேயே ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1960களின் நடுவில் வெளிவந்த ஏடிடி 27 என்ற நெல் குறுகிய வயதுடையது, டெல்டாவின் குறுகிய கால நெல் பருவமான குறுவைக்கு ஏற்றது. திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு அதை நாற்றங்கால் முதல் அறுவடை வரை தொடர்ந்து விளக்கியது. உழவர்கள் அந்த இரகத்தின் எண்ணை விட்டுவிட்டு ரேடியோ நெல் என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்தி, வானொலியின் ஆற்றலைப் பாருங்கள் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தஞ்சை மாவட்டம் அப்போது, 1960-61இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தின் கீழ் இருந்தது. விதை, உரம், கூட்டுறவுக் கடன், ஆலோசனை ஆகிய அனைத்தையும் ஒரே மாவட்டத்தில் ஒருசேரத் தரும் திட்டம் அது. வானொலி எந்த விதையைப் பற்றிப் பேசியதோ அந்த விதை கிடங்கில் இருந்தது. எந்த உரத்தைச் சொன்னதோ அதை வாங்கக் கடன் கிடைத்தது. ஐயம் வந்தால் கேட்க ஊருக்கு வரும் அலுவலரும் இருந்தார். வானொலியின் சொல்லைப் பின்பற்றுவதற்கு வேண்டியவை கைக்கெட்டும் தொலைவில் இருந்ததால்தான் அந்தச் சொல் வயலுக்கு இறங்கியது. இவை எதுவும் இல்லாத ஒரு மாவட்டத்தில் அதே நிகழ்ச்சியை அதே குரலில் ஒலிபரப்பியிருந்தால், அது நல்ல நிகழ்ச்சி என்ற பெயரோடு நின்றிருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: விரிவாக்கம் என்பது செய்தியைப் பரப்புவதைவிடப் பெரிய வேலை, செய்தியும் அதைச் செயலாக்கும் பொருள்களும் சேர்ந்து வரும்போதே பலன் கிடைக்கிறது. அடுத்து, செய்தியின் வடிவமே எப்படித் தடையாகலாம் என்று பார்ப்போம்.

எண்ணிலிருந்து மூட்டைக்கு

மண் வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் நடுவண் அரசால் தொடங்கப்பட்டது. மண்ணின் மாதிரியை ஆய்வகத்தில் பரிசோதித்து, கார அமிலத் தன்மை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), கந்தகம், நுண்ணூட்டங்கள் என 12 அளவுகளையும் அவற்றுக்கேற்ற உரப் பரிந்துரையையும் அச்சிட்டுத் தரும் அட்டை அது. கருத்தளவில் குறை சொல்ல இடமில்லாத திட்டம்.

மாதிரி எடுக்கும் முறையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நெல் வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மண்வெட்டியால் ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு பட்டை மண்ணைச் சுரண்டி வாளியில் சேர்க்க வேண்டும். வரப்பின் ஓரம், மர நிழல், எருக் குவித்த இடம், அண்மையில் உரமிட்ட வயல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சேர்ந்த மண்ணைக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகள் இரண்டை நீக்கி, மிஞ்சியதை மீண்டும் கலந்து பிரித்து, கடைசியில் அரைக் கிலோவாக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை இது. வரப்பில் நின்றபடி ஒரே இடத்தில் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனால், ஆய்வகம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் வரும் எண் அந்த வயலினுடையதாக இருக்காது.

திட்டத்தின் தொடக்கச் சுற்றுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்ற கணக்கில் மாதிரிகள் எடுக்கப்பட்டன. தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளரின் சராசரி நில அளவு, 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர்தான். ஆகவே பாசன நிலத்தில் ஒரு மாதிரி சராசரியாக மூன்று பேருக்குப் பொது, மானாவாரியில் அதைவிடப் பல பேருக்குப் பொது. பத்து ஆண்டுகளாகத் தொழு உரம் இட்டு வருபவரும் பக்கத்தில் யூரியாவை மட்டுமே நம்பியவரும் ஒரே எண் அச்சிட்ட அட்டையைப் பெற்றால், இருவரில் ஒருவராவது அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் பழைய வழக்கப்படியே உரம் போடுவது இயல்புதான்.

இடம் பொருந்தினாலும் அளவை பொருந்துவதில்லை. பரிந்துரை ஹெக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து என்று இருக்கும். டெல்டாவில் உழவர் நிலத்தை மா என்ற அளவில் நினைக்கிறார், உரத்தை மூட்டையில் வாங்குகிறார். காவிரிப் படுகையில் குறுகிய கால நெல்லுக்கான பொதுப் பரிந்துரையான 150 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று மா ஓர் ஏக்கர், ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் ஒரு ஹெக்டேர். ஆக மாவுக்கு 20 கிலோ தழைச்சத்து வருகிறது. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு என்பதால் 44 கிலோ யூரியா வேண்டும். இன்றைய யூரியா மூட்டை 45 கிலோ. அடியுரத்தில் டிஏபி போன்ற வேறு உரங்கள் சேர்ந்தால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பயிர்க் காலம் முழுவதற்கும் மாவுக்கு ஒரு மூட்டை, அதை நான்கு தவணையாகப் பிரித்து இடுங்கள் என்று முடிந்துவிடும். ஆய்வகத்தின் எண்ணும் உழவரின் மூட்டையும் இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. அந்தச் சின்னக் கணக்கை யாரேனும் போட்டுச் சொன்னால்தான் அது அவருக்குத் தகவலாகிறது.

இதே தழைச்சத்துக்கு இன்னும் எளிய கருவி ஒன்று உண்டு. நெல் இலையின் பச்சை நிறம் வெளிறுவதை வைத்து எப்போது யூரியா இடலாம் என்று காட்டும் நெகிழிப் பட்டைக்கு இலை வண்ண அட்டை என்று பெயர். பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. நடவு செய்த 14ஆம் நாள் தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெயில் நேரே இலையில் படாதபடி தம் உடலின் நிழலில் வைத்து, பத்துப் பயிர்களில் முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையின் நிறங்களோடு ஒப்பிட வேண்டும். பத்தில் ஆறு இலைகளாவது 4ஆம் எண் நிறத்தைவிட வெளிறியிருந்தால் யூரியா இடலாம்; வெள்ளைப் பொன்னிக்கு அந்த எண் 3. இலை கரும்பச்சையாக இருக்கும்போது யூரியாவைக் கொட்டினால் புகையான் பூச்சியும் குலை நோயும் ஏறும், பயிர் சாயும் என்பது உழவர்கள் அறிந்ததே. எந்த அளவுக்கு மேல் கரும்பச்சை என்பதற்குத்தான், இந்த அட்டை வரும்வரை, அவர்கள் கையில் கண்ணளவைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம், ஆய்வகத்துக்குக் காத்திருக்க வேண்டாம், வயலும் நாளும் தாமாகவே பொருந்திவிடுகின்றன. தொடுதிரைச் செயலிகள் பலவற்றைக் காட்டிலும் இந்த நெகிழித் துண்டை நான் உயர்வாக மதிக்கிறேன்.

விலை தெரிந்தும்

சந்தை விலையை உழவருக்குத் தெரிவித்தால் இடைத்தரகர் ஏமாற்ற முடியாது என்பது பரவலாகச் சொல்லப்படுவது. இதற்குச் சான்றாக வட கேரளக் கடற்கரை அடிக்கடி காட்டப்படுகிறது. அங்கே 1997 முதல் 2001 வரை கைபேசிச் சேவை பகுதி பகுதியாக வந்தது. அதற்கு முன், ஒரு கரையில் மத்தி மீன் வாங்க ஆளின்றிக் கடலில் கொட்டப்படும் நேரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீன் இல்லாமல் வாங்க வந்தவர்கள் திரும்பிக்கொண்டிருப்பார்கள். கைபேசி வந்தபின் மீனவர்கள் கடலில் இருந்தபடியே கரைகளின் விலையைக் கேட்டு, எங்கே ஒதுங்குவது என்று முடிவு செய்தார்கள். விரயம் ஏறக்குறைய நின்றது, மீனவர்களின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் வெளியான பொருளியல் ஆய்வு கணக்கிட்டது.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய மற்றோர் ஆய்வு மராட்டிய மாநிலத்தைச் சேர்ந்தது. நூறு கிராமங்களில் உழவர்கள் சிலருக்கு ஓராண்டுக்கு விலை, வானிலை, பயிர் ஆலோசனை ஆகியவை குறுஞ்செய்தியாக இலவசமாக அனுப்பப்பட்டன. செய்தி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2012இல் அந்த ஆய்வு முடிவு சொன்னது. தகவல் பயனற்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மீனவரிடம் சரக்கும் படகும் ஒன்றாக இருக்கின்றன, திசையைத் திருப்பினால் போதும். தக்காளி பறித்தவர் வேறு சந்தைக்குப் போக வண்டி வாடகை வேண்டும். விதைக்கும் வீட்டுச் செலவுக்கும் கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால், எந்தச் சந்தையில் எவ்வளவு விலை என்று தெரிந்திருந்தாலும் சரக்கை அந்த மண்டியில்தான் இறக்க வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விளைபொருளை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற்றுக் காத்திருக்க முடிகிறவருக்கு, விலைச் செய்தி காசாகிறது. நெல், பருத்தி, மிளகாய் போன்ற இருப்புத் தாங்கும் பொருள்களுக்கு இது கைகொடுக்கும். தக்காளிக்குக் கைகொடுக்காது.

சுருங்கச் சொன்னால், விலைத் தகவலின் மதிப்பு அதைக் கேட்பவருக்கு வேறு வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

மருந்துக்கடையின் முன்

நம்பிக்கை என்ற கூறு இன்னும் நுட்பமானது. 2018இல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு அதே ஆண்டில் தமிழ்நாட்டின் மக்காச்சோள வயல்களையும் தாக்கியது. முன்பின் பார்த்திராத புழு. அடுத்த வயலில் இருப்பவருக்கும் தெரியாது, அலுவலருக்கும் அப்போதுதான் சுற்றறிக்கை வந்துகொண்டிருந்தது. புழு அரித்த இலையைக் கிள்ளிக்கொண்டு உழவர் போய் நின்ற இடம் பெரும்பாலும் மருந்துக்கடைதான். கடை திறந்திருக்கிறது, கடைக்காரர் ஊர்க்காரர், கடன் தருகிறார், நின்ற நிலையில் விடை சொல்கிறார். அந்த விடை ஏதேனும் ஒரு புட்டியில்தான் போய் முடியும் என்பது அதன் குறை. இந்தப் புழு குருத்துக்குள் புகுந்துகொண்டு தன் கழிவால் குருத்தின் வாயை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே எந்த மருந்து என்பதைப் போலவே, புழு சிறிதாக இருக்கும்போதே குருத்துக்குள் இறங்கும்படி தெளிப்பதும் முக்கியம். மேலாக இலையில் தெளித்துவிட்டு மருந்து கேட்கவில்லை என்று அடுத்த மருந்துக்குப் போனவர்கள் பலர்.

கடைக்காரரைத் திட்டுவது எளிது. அவரைப் பயிற்றுவிப்பது பயனுள்ளது. ஐதராபாத்திலுள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் உரம், மருந்து விற்பவர்களுக்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பை 2003இல் தொடங்கியதன் பின்னணி இதுதான். மக்கள் ஏற்கெனவே போகும் இடத்தில் சரியான செய்தியை வைப்பது, புதிய இடம் ஒன்றைக் கட்டி மக்களை அங்கே வரச் சொல்வதைவிடப் பலன் தரும் வழி என்றே நினைக்கிறேன்.

யாருக்குச் சேர்வதில்லை

அரசுத் திட்டங்களின் பட்டியல்கள் பெரும்பாலும் பட்டாவிலிருந்து தொடங்குகின்றன. குத்தகைக்கு உழுபவர் பெயர் அதில் இராது. நகரத்தில் குடியிருக்கும் நில உடைமையாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும். பெண்களின் நிலை இன்னும் மோசம். நடவும் களையெடுப்பும் அவர்கள் கையில் இருப்பதால் பயிரின் நிறமாற்றத்தையும் பூச்சியையும் முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. ஆனால் 2015-16 கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நில உடைமைகளில் சுமார் 14 விழுக்காடுதான் பெண்கள் பெயரில் உள்ளன. பகல் 11 மணிக்கு ஊர்ச் சாவடியில் பயிற்சி என்று அறிவித்தால், வயலில் குனிந்து நிற்பவர்கள் எப்படி வருவார்கள்?

கேள்வியிலிருந்து தொடங்குதல்

தகவல் ஏற்பாட்டை எந்த முனையிலிருந்து கட்டுவது என்பதற்குப் புதுச்சேரியில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களை அமைத்தபோது, ஊர்மக்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று முதலில் கேட்டறிந்தது. வீராம்பட்டினத்து மீனவர்கள் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கணினி மையத்துக்கு ஆள்கள் வந்து பார்ப்பார்கள் என்று காத்திருக்கவில்லை. செய்தி கரைக்கே போனது. அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்தில் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையன்று, வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை ஊராரிடம் உடனே கொண்டு சேர்த்ததும் இந்த ஒலிபெருக்கிதான்.

உழவர்களின் கேள்விகள் இன்று நாள்தோறும் பதிவாகின்றன. கிசான் கால் சென்டருக்கு வரும் ஒவ்வோர் அழைப்பும் மாவட்டம், வட்டாரம், பயிர், கேள்வி என்று குறிக்கப்படுகிறது. அந்தப் பதிவுகள் அரசின் தரவுத் தளத்தில் எவரும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. ஒரு வட்டாரத்திலிருந்து ஒரே வாரத்தில் குருத்து காய்வது பற்றிய கேள்விகள் திடீரெனக் கூடினால், அங்கே என்ன தொடங்கிவிட்டது என்பதை அடுத்த சுற்றறிக்கைக்குக் காத்திராமலே அறியலாம். அந்தப் பட்டியலை வாரத்துக்கு ஒருமுறை வட்டார வேளாண்மை உதவி இயக்குநரின் மேசையில் வைப்பதற்குப் புதிய செயலி எதுவும் தேவையில்லை. ஓர் அலுவலரும் அரை மணி நேரமும் போதும்.